ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன வள்ளம்

“இது என்ன கிழமை?”

கேட்டவர் கையில் ஒரு படம் இருந்தது. காலண்டர் அச்சாவதற்கு முன், ஆர்டர் கொடுத்தவர் பார்ப்பதற்காக அனுப்பும் தாள். புரூஃப் என்போம். அதைக் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

தூத்துக்குடிக் கடற்கரையில் வலை பின்னும் கொட்டகை அது. தரையெல்லாம் நைலான் வலை குவிந்து கிடந்தது. வலையின் மேலேயே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீனும் டீசலும் கலந்த வாடை. நான் வாசல் கம்பத்தை ஒட்டி, காமிராப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

கேட்டவர் பெயர் மிக்கேல். அந்தக் கரையின் ஊர்க்கமிட்டித் தலைவர். நரைத்த மீசை, நெஞ்சில் கறுத்த கயிற்றில் ஒரு சிலுவை.

“கரையப் பாருங்க. அம்புட்டு வள்ளமும் மேல ஏறி நிக்கி. பிள்ளைய எல்லாம் கோயில் உடுப்பு உடுத்தியிருக்கு. ஞாயித்துக்கிழமைன்னு பால்குடிப் பிள்ளையும் சொல்லிரும். சரிதானா?”

கூட்டம் தலையாட்டியது.

“அப்ப கடல்ல போறது யாரு வள்ளம்?”

எல்லோரும் முன்வரிசையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சேவியர். பச்சை உடம்பும் மஞ்சள் பட்டையுமாக அந்தக் கரையில் இருப்பது அவருடைய வள்ளம் ஒன்றுதான்.

அந்தப் படத்தை எடுத்தவன் நான்.

புள்ளி பார்க்கும் வேலை

காமிரா என் கைக்கு எப்படி வந்தது என்று போன வாரம் எழுதியிருந்தேன். கல்யாணப் படம் எடுப்பவர் ஒருவர் புதிது வாங்கியபோது பழையதை எனக்குத் தள்ளிவிட்டார். அதைப் படித்துவிட்டு, “ஆமத்தூர்க்காரனுக்குக் கடல் எங்கிருந்து வந்தது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஆமத்தூரில் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்தார்கள். அப்பாவின் கைகள் வெள்ளி நிறத்தில் இருக்கும். அலுமினியப் பொடி. சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மினுங்கும். சின்ன வயதில் மற்ற அப்பாக்களின் கைகளைப் பார்த்து, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருக்கிறேன்.

நான் வெடிமருந்துப் பக்கம் போகவில்லை. சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் சேர்ந்தேன். இன்றுவரை அங்கேதான். அச்சாகி வரும் தாள்களைப் பார்த்துக் கழிப்பது என் வேலை. நீலத்தில் ஒரு தூசி உட்கார்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். சிவப்பு ஒரு மயிரிழை விலகினால் பட்டாசு லேபிளில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டு உதடு வந்துவிடும். அதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

பேசத் தேவையில்லாத வேலை. எனக்குப் பொருத்தமான வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் “சாப்பிட்டீகளா?” என்று யாராவது கேட்டால்கூட, பதில் சொல்வதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போயிருப்பார்.

காமிரா பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். முகத்துக்கு முன்னால் ஒரு கதவு மாதிரி இருக்கிறது அது.

“இதுல எங்க ஊரு எங்கன இருக்கு?”

ஆடிப் பெருக்கு வந்தால் எங்கள் ஊரில் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். வரப்போகும் ஆண்டின் படங்கள் எல்லாம் அதில் இருக்கும். சாமி, பனிமலை, அருவி, ரோஜாப்பூவின் மேல் படுத்திருக்கும் குழந்தை. ஆர்டர் கொடுப்பவர்கள் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். கீழே கடைப் பெயரை அடித்துக் கொடுப்போம். ஆமத்தூரில் என் வீட்டுச் சுவரிலேயே பல காலம் பனிமலைதான். சித்திரை வெயிலில் அதைப் பார்த்தால் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணியில், தூத்துக்குடியிலிருந்து ஒரு வலைக்கடைக்காரர் வந்தார். ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல எங்க ஊரு எங்கன இருக்கு?”

முதலாளி சிரித்து மழுப்பினார். அவர் விடவில்லை. பன்னிரண்டு தாளிலும் தன் ஊர் வேண்டும் என்றார். எங்கள் அச்சகத்துக்கு வழக்கமாகப் படம் எடுப்பவர் முகூர்த்தங்களில் மாட்டிக்கொண்டிருந்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏ மாரி, நீதான் அந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு அலையிறியே. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயி எடுத்துட்டு வாயேன்.”

சீசன் நேரத்தில் எனக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அதனால் ஞாயிறு.

வெள்ளை ஊர்

சாத்தூரில் பஸ் மாறி, எட்டையபுரம் வழியாகப் போவேன். கரிசல் காடு முடிந்து, உடைமரம் முடிந்து, திடீரென்று தரை வெளுக்கும். உப்பளம். அரைத்த கண்ணாடி போல வரிசை வரிசையாக உப்புக் குவியல். முதல் தடவை அதைப் பார்த்ததும், யாரிடமும் கேட்காமல் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். ஊர் இன்னும் தூரம் இருந்தது. நடந்தேன்.

அந்த ஊரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. எங்கள் பக்கத்தில் நிறமெல்லாம் டப்பாவில் வரும். இங்கே சும்மாவே கிடந்தது. பழைய துறைமுகத்தில் தோணிகள் நின்றன. பெரிய மரக்கப்பல்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம் ஏற்றிக்கொண்டு போகும் என்றார்கள். தார் பூசிய கறுப்பு உடம்பில் காலை வெயில் எண்ணெய் போல வழிந்தது. தூரத்தில் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. சந்துக்குள் நுழைந்தால் பேக்கரியிலிருந்து முட்டை வெள்ளையும் முந்திரியும் வேகும் மக்ரூன் வாசம்.

அப்புறம் அந்தக் கரை. வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறி வரிசையாக நின்றன. நீலம், ஆரஞ்சு, பச்சை, வெள்ளை. புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் அவற்றின் நிழலில் விளையாடின. எனக்காகவே யாரோ அடுக்கி வைத்தது போல இருந்தது.

ஏன் எல்லாம் கரையில் நிற்கின்றன என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் வரவேண்டுமே. நானாகவும் யோசிக்கவில்லை. எனக்கு ஞாயிறு விடுமுறை என்றால் கடலுக்குப் போகிறவர்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. கடல் என்பது டவுன் பஸ் மாதிரி தினமும் ஓடும் என்று நினைத்திருந்தேன்.

“கடல் சிந்துது அண்ணே”

படங்களை மெர்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மெர்சி எங்கள் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். சாத்தூர்க்காரர். அப்பா வாத்தியார், அக்காக்கள் இருவரும் நர்ஸ். “ஊசி போடப் பயந்துக்கிட்டு இங்கன வந்துட்டேன்” என்பார். ஊரில் விற்கும் பாதிப் பட்டாசுப் பெட்டிகளின் படம் அவர் கை பட்டதுதான் என்று நான் நினைக்கிறேன்.

என் முதல் படத்தைத் திறந்ததும் தலையைச் சாய்த்தார். பிறகு உடம்பையே சாய்த்தார்.

“என்னம்மா?”

“கடல் சிந்துது அண்ணே. இந்தப் பக்கமா ஊத்திக்கிட்டே இருக்கு. சேலையத் தூக்கிக்கிடவா?”

கடலும் வானமும் சேரும் கோடு சாய்ந்திருந்தது. ஒரு இழுப்பு இழுத்தார். நிமிர்ந்தது. அது நேரானதும் படத்தில் இருந்த எல்லாமே மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

அவர் வேலையைப் பார்ப்பது எனக்கு ஒரு தனி சந்தோஷம். சாயங்காலம் என் மிஷின் நின்ற பிறகு, அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பேன். உப்புக் குவியல் என் படத்தில் வெறும் சுண்ணாம்பாக இருந்தது. அவர் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். வெள்ளைக்குள்ளிருந்து உப்புக்கல் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. தோணியின் கறுப்பைத் திறந்தார். உள்ளே பலகைகள், ஆணிகள், ஒரு ஆள் காயப்போட்ட லுங்கி. நான் எடுத்த படத்தில் நான் பார்க்காத லுங்கி.

வானம் மங்கலாக இருந்த ஒரு படத்தில் நீலத்தை ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். இன்னும் கொஞ்சம் என்றேன்.

“போதும்ணே. இதுக்கு மேல போனா லேபிள் கலராயிரும். திரியப் பத்த வச்சா வெடிச்சிரும்.”

வானத்தை மாற்றியதும் தண்ணீரையும் மாற்றினார். “மேல இருக்கதுதானே கீழ தெரியும். வானத்துக்குப் புதுச்சட்டை போட்டுட்டுக் கடலுக்குப் பழசு போட்டா அது கோவிச்சுக்கிடும்” என்றார்.

கடைசியில் அந்தக் கரைப் படம் வந்தது. எல்லாம் சரியாக இருந்தும் அவருக்குத் திருப்தி இல்லை. கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“கடல் சும்மா கெடக்குண்ணே. ஒரு வள்ளம் போனா எப்புடி இருக்கும்?”

கரையில் நின்ற பச்சை வள்ளத்தைத் தேர்ந்தெடுத்தார். மஞ்சள் பட்டை அவருக்குப் பிடித்திருந்தது. ஓரம் ஓரமாக வெட்டி எடுத்தார். அது நின்ற இடத்தை மணலால் நிரப்பினார். வள்ளத்தைத் திருப்பி, சிறிதாக்கி, கடலில் வைத்தார். முதலில் மேசையில் வைத்த பொம்மை மாதிரிதான் இருந்தது. அடிப்பாகத்தைக் கரைத்தார். நிழலைத் தண்ணீரில் தொங்கவிட்டார். பின்னால் வெள்ளையாக ஒரு நுரைக்கோடு. கடைசியாக, வள்ளத்தின் பின்பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வைத்தார். அவ்வளவுதான். அது ஆளாகிவிட்டது.

வள்ளம் நனைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“இப்புடிச் செய்யலாமாம்மா?”

“ஏண்ணே, காலண்டர்ல வர்ற பாப்பா எல்லாம் ரோஜாப்பூ மேலயா பெறந்துச்சு?”

வாழ்நாளெல்லாம் புள்ளியைக் கண்டால் எடுத்து வீசியவன் நான். அந்த ஒரு புள்ளியை மட்டும் வீட்டுக்குப் போகும்வரை நினைத்துக்கொண்டே போனேன்.

ஓலை வாசிக்கும் வீடு

புரூஃப் போயிற்று. வலைக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டையும் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். வலை வாங்க வந்தவர்கள் எல்லாம் தங்கள் ஊரைப் பார்த்தார்கள். சேவியரின் வள்ளத்தையும் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். மாதா கோயிலுக்குப் போகும் நாள். சட்டம் எழுதி வைத்தது இல்லை, அதைவிடக் கெட்டியானது. மீறியவரோடு ஊர் புழங்காது.

சேவியரின் மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் வாரந்தோறும் அறிவிப்பது. ஒரு ஓலை பாக்கி இருந்தது. அதற்குள் ஊர் ஒதுக்கிவிட்டால் அந்தப் பெண்ணின் பந்தியில் உட்கார ஒரு ஆள் வரமாட்டார்.

வலைக்கடைக்காரர் போனில் பதறினார். மெர்சிக்கு அவசர லேபிள் ஆர்டர். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“எடுத்தவன் நீதானேப்பா. போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வா.”

அந்த ஒரு வார்த்தையைப் பஸ்ஸில் சாத்தூரிலிருந்தே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

“நுரையப் பாரும்வே”

மிக்கேல் சேவியரிடம் கேட்டார். “அந்தப் படம் எடுத்த மாசம் ஒரு ஞாயிறு நீ பூசைக்கு வரலல்லா?”

“மாப்பிள வீட்டுக்குப் போயிருந்தேன் மாமா. மணப்பாட்டுக்கு. ஏங்கிட்ட எத்தன தடவ கேப்பீரு?”

“அப்ப வள்ளம் தானாப் போச்சா?”

என் முறை வந்தது. வலைக்கடைக்காரர் என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். எல்லா முகமும் திரும்பியது.

“வள்ளம் போகல” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லும்வே. மீனுக்கா சொல்லுதீரு?”

சிரித்தார்கள். சேவியர் சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்குத்தான் பேசினேன்.

“வள்ளம் போகல! கரையிலதான் நின்னுச்சு. எங்க ஆபீசுல ஒரு பிள்ளை கம்ப்யூட்டர்ல எடுத்துக் கடல்ல வச்சது.”

ஒரு பெரியவர் எழுந்து வந்து படத்தை வாங்கினார். மூக்கு படும் அளவுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

“நுரையப் பாரும்வே. மெசின் ஓடாம இந்த நுரை வருமா?”

இன்னொருவர் எட்டிப் பார்த்தார். “பின்னால உக்காந்திருக்கது யாரு? கூனு போட்டு இருக்கதப் பாரு. சேவியரேதான்.”

“சேவியருக்கு அந்தத் தோள் கொஞ்சம் எறங்கித்தான் இருக்கும்” என்றார் மூன்றாமவர்.

மெர்சி வைத்த புள்ளிக்குத் தோள் முளைத்துவிட்டது. அந்த நிலைமையிலும், ஒரு நொடி, எனக்குள் பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்தத் தண்ணீரை நம்பினார்கள்.

காமிராவில் இருந்த மூலப்படத்தைக் காட்டினேன். பச்சை வள்ளம் மணலில் நின்றது.

“அது முன்னால எடுத்தது. நீரு படம் பிடிச்சுக்கிட்டு அங்கிட்டுப் போனதும் எறக்கியிருப்பான்.”

என்னிடம் வேறு எதுவும் இல்லை. மெர்சிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“ஐயோ! ஞாயித்துக்கிழமையாண்ணே? நானும் கோயிலுக்குப் போறவதானே, எனக்கே தோணலையே!” கொஞ்சம் நிறுத்தினார். “தலைவரு அங்கன இருக்காகளா? அவுக வள்ளம் எதுன்னு கேளுங்க.”

மிக்கேலுக்கு அது எதற்கென்று விளங்கவில்லை. ஆனாலும் வள்ளத்தைக் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? “நீலம். வெள்ளப் பட்டை. முன்னால மாதா படம் எழுதியிருக்கும். கரையிலேயே அதான் எடுப்பா நிக்கும்.”

“கொஞ்சம் இருங்கய்யா. போனை வச்சிராதீக.”

காத்திருந்தோம். டீ வந்தது. எனக்கும் கொடுத்தார்கள். சேவியர் மட்டும் டம்ளரைக் கையில் வாங்கிக் கீழே வைத்தார். போனுக்குள்ளிருந்து மெர்சியின் விசைப்பலகை டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் கடலில் ஏதோ சத்தம் கேட்பது போலக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

டிங் என்றது.

படத்தைத் திறந்தேன். அப்படியே மிக்கேலிடம் நீட்டினேன்.

அதே கரை. அதே ஞாயிறு. பச்சை வள்ளத்தைத் தாண்டி, அதை முந்திக்கொண்டு, நீல வள்ளம் ஒன்று நுரை கிளப்பிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் கறுப்பாக ஒரு புள்ளி.

மிக்கேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், போன் கை மாறிக் கை மாறிக் கொட்டகை முழுவதும் போயிற்று.

“தலைவரே! நீரு எப்பம் போனீரு?”

“பூசைக்கு முன்னாலயா, பொறவா?”

“சேவியராவது பதுங்கிப் போறான். இவரு முந்திக்கிட்டுல்லா போறாரு!”

வலையின் மேல் விழுந்து சிரித்தார்கள். மிக்கேலும் கடைசியில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கியது. சிரித்து முடித்து, போனை வாயருகே கொண்டுபோனார்.

“தாயி, வேதக்காரப் புள்ளையா இருந்துக்கிட்டு ஓய்வுநாள்ல என் வள்ளத்த எறக்கிட்டியே!”

“மன்னிச்சுக்கிடுங்கய்யா. இப்பவே கரையேத்திருதேன்.”

“ஏத்து, ஏத்து. சேவியரோடத மொதல்ல ஏத்து.” பிறகு சேவியரைப் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது. “மருமகனே, டீ ஆறுது. எடுத்துக் குடி. ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கையில நான் முன்வரிசையில நிப்பேன்.”

சேவியர் டம்ளரை எடுத்தார். ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

கரையில்லாத படம்

காலண்டரில் வள்ளங்கள் எல்லாம் கரையில் நிற்க, கடல் சும்மா கிடந்தது. அந்த ஊரில் அது எவ்வளவு அழகான படம் என்று இப்போது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் இன்னொன்று நடந்தது. எல்லோரும் கலைந்தபின் மிக்கேல் பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தார். எதையோ கேட்க வந்து கேட்காமல் நடந்தார். எனக்கு அந்த நடை நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் நடப்பேன்.

“அண்ணாச்சி,” என்றார் கடைசியில். “அந்தப் படம் எனக்கு வேணும். என் வள்ளம் கடல்ல போறத நான் பாத்ததே இல்ல. அது போகையில நான் அதுக்குள்ளல்லா இருக்கேன்?”

நான் தலையாட்டினேன்.

“ஞாயித்துக்கிழமைன்னு தெரியாம, கரைய மட்டும் வெட்டிட்டு அனுப்பச் சொல்லும்.”

மறுநாள் மெர்சி கரையை வெட்டினார். மணல், பிள்ளைகள், கோயில் உடுப்பு, முதலிலேயே கரையேற்றிவிட்ட பச்சை வள்ளம் எல்லாம் போயின. தண்ணீரும் நீல வள்ளமும் மட்டும் மிஞ்சின. அது எந்தக் கிழமை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அனுப்பினேன்.

மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

“படம் பாத்தேன்வே. நல்லா இருக்கு. ஆனா வள்ளம் ஒத்தையில போவுதே. நாங்க யாரும் ஒத்தையில போவ மாட்டோம். அந்தப் புள்ளகிட்டச் சொல்லி, சேவியரையும் கூட அனுப்பச் சொல்லும்.”